சூரியனுக்கு டோல் கிடையாதா?

காலை மணி 7.10. விழுப்புரத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் கிளம்பத் தயாராக நிற்கிறது. ஸ்டீயரிங்கில் அப்பா. பின் சீட்டில் யு.கே.ஜி. படிக்கும் ஐந்து வயது மகள். ஒரு ஷூ காலில், இன்னொரு ஷூ கையில். வாயில் பாதி இட்லி.

"அப்பா, ஒரு டவுட்டு."

"முதல்ல இட்லிய முழுங்கு."

"முழுங்கிட்டா டவுட்டும் உள்ள போயிடும்ப்பா."

அவ்வளவுதான், அன்றைய பயணம் ஆரம்பம். ஆயா வாசற்படியில் நின்று, "பெல்ட்டு போட்டியா? தண்ணி பாட்டில் எடுத்தியா? பத்திரமா ஓட்டுடா" என்று மகனுக்கும் பேத்திக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையசைப்பார். கார் தெருமுனை திரும்பும்வரை அவர் உள்ளே போகமாட்டார்.

அப்பாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. அம்மா அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியை. இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் அவர் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். தை பிறந்ததும் திண்டிவனத்துக்கே குடிபோவதாக முடிவு. கல்வி ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றினால் பிள்ளை திணறும் என்று ஜூன் மாதமே அங்கு சேர்த்துவிட்டார்கள். அதனால் தினமும் காலையில் சுமார் 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, டோல்கேட், கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். இதில் ஊருக்கு ஒரு கேள்வி நிச்சயம்.

யாரு விழுந்தா?

முதல் கேள்வி சொந்த ஊரிலேயே ஆரம்பித்தது.

"அப்பா, விளுப்புரத்துல யாரு விளுந்தாங்க?"

"யாரும் விழல கண்ணு. 'விழு'ன்னா இன்னொரு அர்த்தமும் இருக்கு. விழுப்பம்னா சிறப்பு. நம்ம ஊரு சிறப்பான ஊரு."

பின் சீட்டில் கொஞ்ச நேரம் யோசனை.

"அப்ப நான் நேத்து பாத்ரூம்ல விளுந்தது சிறப்பா?"

அவளுக்கு 'ழ' இன்னும் வரவில்லை. பள்ளியில் மிஸ் நாக்கை மடித்துக் காட்டி, "வாழைப்பழம்" சொல்லவைக்கிறார். அவளுக்கு அது "வாளப்பளம்". வீட்டில் ஆயாவுக்கோ "வாயப்பயம்". ஒருநாள் அப்பா திருத்தப்போக, பதில் வந்தது.

"மிஸ் பழம் சொல்றாங்க. நான் பளம் சொல்றேன். ஆயா பயம் சொல்றாங்க. எல்லாம் ஒரே சீப்புதானப்பா?"

அந்தப் பக்கம் திண்டிவனத்துக்கும் விளக்கம் கேட்கப்பட்டது. வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது, அதாவது புளியங்காடு என்று சொல்வார்கள். அப்பா அதைச் சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி ஐந்து நிமிடம் தேடினாள்.

"காடு எங்கப்பா?"

"அந்தக் காலத்துல இருந்துச்சும்மா."

"அப்ப ஒரு மரமாவது வெச்சுட்டுப் பேர வெச்சுக்கக் கூடாதா? மிஸ் கேட்டா இன்னான்னு சொல்றது?"

அப்பாவிடம் பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஃபாஸ்டேக் எங்க ஒட்டியிருக்கு?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். முண்டியம்பாக்கம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பனைமரங்கள், ஏரிக்கரை எல்லாம் பின்னால் ஓடும். சூரியன் மட்டும் ஓடாது.

"அப்பா, சூரியன் நம்ம கூடவே வருது."

"அப்படித் தெரியும்மா. அது ரொம்ப தூரத்துல இருக்கு."

"இல்ல, வருது. நம்ம தெருவுலேருந்து வருது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கருவி படித்தது. 'பீப்'. தடுப்புக் கட்டை தூக்கியது. கார் நகர்ந்தது. அவள் அவசரமாக வலப்பக்க ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா! சூரியன் நிக்காமலே வந்துடுச்சு! அதுக்கு ஃபாஸ்டேக் எங்க ஒட்டியிருக்கு?"

"சூரியனுக்கு டோல் கிடையாதும்மா."

"ஏன், அது ஆம்புலன்ஸா?"

ஆம்புலன்ஸுக்கு டோல் கிடையாது என்று போன வாரம் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். மாட்டிக்கொண்டார்.

"ஆமா... எல்லாருக்கும் வெளிச்சம் குடுக்க அவசரமா போகுதுல்ல, அதான்."

"அப்ப சைரன் போடணும்ல?"

சூரியனும் நிலாவும் தன் கூடவே வருகின்றன என்று நினைப்பது இந்த ஒரு குழந்தை மட்டும் அல்ல. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் குழந்தைகளிடம் உட்கார்ந்து இதையேதான் கேட்டார். நாம் நடந்தால் சூரியன் என்ன செய்யும்? கூடவே வரும் என்றார்கள் ஜெனீவா பிள்ளைகள். டோல்கேட் அங்கே இல்லாததால் அடுத்த கேள்வி வராமல் போயிருக்கலாம்.

ரஷ்ய எழுத்தாளர் கர்னேய் சுகோவ்ஸ்கி இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். சின்னக் குழந்தைகள் பேசுவதை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். நாடெங்கிலுமிருந்து பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகள் சொன்னதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். 1928-ல் முதலில் வெளிவந்த அந்தப் புத்தகம், பின்னாளில் 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. பெரியவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும் அந்தப் பேச்சு, குழந்தைக்குக் கடுமையான உழைப்பு என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. தெரிந்த நாலு விஷயத்தை வைத்துத் தெரியாத ஐந்தாவதைக் கட்டிப் பார்க்கிறது குழந்தை. டோலும் ஆம்புலன்ஸும் தெரியும். சூரியனை அதற்குள் பொருத்திப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மாமாதான் பேர் வெச்சாரா?

ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டும்போது கண்ணாடியில் நாலு தூறல் விழுந்தது. பின் சீட்டில் குரல் மாறியது.

"ஃபெஞ்சல் வருதாப்பா?"

விழுப்புரம் மாவட்டத்துக் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அந்தப் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அப்போது அவளுக்கு நான்கு வயது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த ராத்திரி, ஆயா அவளைக் கட்டில் மேல் உட்காரவைத்துக் கதை சொன்னார்.

"இது வெறும் தூறல்தாம்மா. ஃபெஞ்சல் போயிடுச்சு."

"அதுக்கு யாருப்பா பேர் வெச்சாங்க?"

"இந்தப் பக்கத்துல இருக்கற 13 நாடுங்க சேர்ந்து பேர் குடுப்பாங்க. இந்தப் பேரு சவுதி அரேபியா குடுத்தது."

"சவுதியா? அங்கதான மாமா இருக்காரு!"

"ஆமா, ஆனா..."

"மாமாவா வெச்சாரு? ஏம்ப்பா நல்ல பேரா வெக்கல? குட்டிமழைன்னு வெச்சிருந்தா கொஞ்சமா பெஞ்சிருக்கும்ல?"

அன்று மாலை சவுதியில் இருக்கும் மாமாவுக்கு அந்தப் பேச்சு அப்படியே போய்ச் சேர்ந்தது. எப்படி? அங்கேதான் கதையில் ஒரு முடிச்சு.

குடும்ப குரூப்பின் சூப்பர் ஸ்டார்

கிளம்புவதற்கு முன் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி ரெக்கார்டரை ஓடவிடுவது அப்பாவின் வழக்கமாகிவிட்டது. திண்டிவனம் சேர்ந்ததும் நல்ல பகுதியாக வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அத்தை, பெரியப்பா, சவுதி மாமா, சென்னை சித்தி என்று எல்லோரும் சிரிப்பு பொம்மைகளைக் கொட்டுவார்கள். 'சூரியனுக்கு ஃபாஸ்டேக்' சித்தியின் ஆபீஸ் வரைக்கும் போனது. 'குட்டிமழை' மாமாவின் ஸ்டேட்டஸில் ஒரு நாள் முழுக்க இருந்தது. "இன்னிக்கு ஒண்ணும் வரலியே?" என்று கேட்கும் அளவுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரிக்கவைத்தது இந்தப் பேச்சுதான்.

"அப்பா, ஸ்கூல்ல ஒரு ஆயா இருக்காங்க."

"ஆமா."

"அவங்க யாரோட ஆயா?"

விழுப்புரம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அதே பெயர்தான். அப்பாவுக்கு இதில் குழப்பம் இருப்பதே அன்றுவரை தோன்றவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஆயாதாம்மா. டிபன் பாக்ஸ் திறந்து குடுப்பாங்க, பாத்ரூம் கூட்டிட்டுப் போவாங்க."

"எனக்குமா?"

"உனக்கும்தான்."

கார் ஒரு லாரியைத் தாண்டிப் போனது. பிறகு மெதுவாக:

"புது ஸ்கூலு. புது வீடு. புது ஆயா. அப்ப நம்ம ஆயாவ இன்னா பண்ணுவீங்க? அம்மா மிக்ஸிய குடுத்தாங்களே, அந்த மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுவீங்களா?"

போன தீபாவளிக்குப் பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதிது வாங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ரெக்கார்டிங்கில் அவர் சிரிப்புதான் முடிவு. அப்படியே குரூப்பில் போட்டார். ஒரே நாளில் குடும்பத்துக்குள் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் உறவில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும் யாரோ ஃபோனை எடுத்து அந்தப் பேச்சைச் சத்தமாக ஓடவிட்டார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. "இன்னாம்மா, ஆயாவுக்கு எக்ஸ்சேஞ்ச்ல எவ்ளோ குடுத்தாங்க?" என்று ஒரு பெரியப்பா கன்னத்தைக் கிள்ளினார். தன் குரல் ஃபோனுக்குள்ளிருந்து வருவதை அவள் அன்றுதான் முதல்முறை கேட்டாள். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதையும் பார்த்தாள். போய் ஆயாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் மௌனம்

திங்கட்கிழமை. முண்டியம்பாக்கம் வந்தது, பேச்சில்லை. விக்கிரவாண்டி வந்தது, பேச்சில்லை. டோல்கேட் 'பீப்' என்றது. அவள் சூரியனைப் பார்க்கவில்லை.

"இன்னா கண்ணு, இன்னிக்கு டவுட்டே இல்லியா?"

"இல்ல."

"தூக்கம் வருதா?"

"இல்ல."

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை, ஸ்டாண்டில் இருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டும்போதுதான் அந்த 40 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று அப்பாவுக்குத் தெரிந்தது.

அன்று இரவு பிள்ளை தூங்கிய பிறகு ஆயாவிடம் சொன்னார். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்தினார்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்களே, ஒருத்தராவது அதுக்குப் பதில் சொன்னீங்களாடா?"

"எதுக்கும்மா?"

"ஆயாவ இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டுச்சுல்ல. அது ஜோக்கு இல்லடா. கேள்வி."

அப்பா பேசாமல் இருந்தார். குடிபோவதைப் பற்றி வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு நடந்திருக்கிறது. அட்வான்ஸ், வாடகை, தண்ணீர் வசதி, பால் காய்ச்சும் நாள் எல்லாம் பேசியாயிற்று. "தாத்தா கட்டின வீடு, நா எங்கயும் வரல" என்று ஆயா ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சை மூடிவிட்டார்கள். பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஆயாவிடமும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கிடைத்தவை புது ஸ்கூல், புது வீடு, புது ஆயா என்ற மூன்று துண்டுகள்தான். அவற்றை வைத்து அது மீதிக் கதையைத் தானே கட்டிக்கொண்டது.

ஃபோனும் ஸாரி சொல்லணும்

வியாழக்கிழமை காலை. கார் கிளம்பும் முன் அப்பா ஃபோனை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். பின் சீட்டுக்குக் காட்டினார். டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நீ எங்கிட்ட சொன்னத உன்னக் கேக்காம எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அது தப்பு. இனிமே அனுப்ப மாட்டேன். ஸாரி."

கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரை அளந்தன.

"ஃபோனும் ஸாரி சொல்லணும்."

அப்பா பெட்டியைத் திறந்து, கீச்சுக்குரலில் "ஸாரி" என்றார். மூடினார். சிரிப்பு வரவில்லை. ஆனால் விக்கிரவாண்டி தாண்டியதும் கேள்வி வந்தது.

"ஃபோன் தூங்குதா?"

"நல்லா தூங்குது."

"அப்பா, மிஸ் கல்மரம்னு ஒரு படம் காட்டினாங்க. மரம் எப்படிப்பா கல்லாச்சு? யாரு சாபம் குடுத்தாங்க?"

கல்மரம் என்றால் திருவக்கரை. இதே விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்தில் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அது. அப்பா தெரிந்தவரை சொன்னார்.

"சாபம் இல்லம்மா. பெரிய மரம் மண்ணுக்குள்ள புதைஞ்சு போச்சு. மேல மண்ணு மூடிட்டதால மக்கிப் போகல. மண்ணுல இருந்த கல்லுச்சத்து தண்ணியில கரைஞ்சு, மரத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போயி உக்காந்துக்குச்சு. மரம் போயி, அதே வடிவத்துல கல்லு வந்துடுச்சு."

"ரொம்ப நேரம் ஒரே இடத்துல இருந்தா கல்லாயிடுமா?"

"மண்ணுக்குள்ள ரொம்ப ரொம்ப வருஷம் இருந்தா."

கூட்டேரிப்பட்டு நெருங்கியது. மயிலம் மலைக்குப் பிரியும் சாலை அங்கேதான்.

"ஆயா சாயங்காலம் நாம வர்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்துருப்பாங்கல்ல. நாம வராம திண்டிவனத்துலயே இருந்துட்டா... ஆயா கல்லாயிடுவாங்களா?"

பத்து நாளுக்கு முன்பென்றால் அப்பா சிரித்திருப்பார். இந்தமுறை இண்டிகேட்டர் போட்டு, காரை இடப்பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆக மாட்டாங்க. அந்தக் கல்மரம் ரெண்டு கோடி வருஷம் பழசு."

"ரெண்டு கோடின்னா எத்தன சனிக்கிழம?"

"எண்ணவே முடியாத அளவுக்கு."

"அதுக்குள்ள நாம வந்துடுவோமா?"

"வாரா வாரம் சனிக்கிழமை வந்துடுவோம். ஆயாவ யாரும் எக்ஸ்சேஞ்ச்ல குடுக்க மாட்டாங்க. ஸ்கூல் ஆயா ஸ்கூலுக்கு. நம்ம ஆயா நமக்கு."

அவள் தலையாட்டினாள். "சரி, கார எடுங்க. லேட்டாச்சு, மிஸ் திட்டுவாங்க."

எதிரே உட்காரவைத்து, 'என்னம்மா, மனசுல என்ன?' என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. காரின் பின் சீட்டில் முகம் பார்க்க வேண்டியதில்லை. வெளியே பார்த்துக்கொண்டே பேசலாம். பேச்சு பிடிக்காவிட்டால் "அதோ மாடு" என்று மாற்றிவிடலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் குழந்தை உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறது. கார்தான் வேண்டும் என்றில்லை. டூவீலர், ஆட்டோ, பஸ், நடை என எதிலும் இது நடக்கும். கேட்டவுடன் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடித்ததும் பதிலையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு ரூமு இருக்கா?

அன்று மாலை ஆயாவிடம் கல்மரக் கதையைச் சொன்னார் அப்பா. ஆயா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நா கல்லாகற ஆளா? செடிக்குத் தண்ணி ஊத்தணும், சீரியல் பாக்கணும், எங்க நேரம்?"

பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல:

"ஏண்டா, அந்த வீட்ல எனக்குன்னு ஒரு ரூமு இருக்கா?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது. சாமான்களைப் போட்டுவைக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"சாமான வேற எங்கயாவது வையுங்க," என்றார் ஆயா. "அங்க எனக்கு ஒரு கட்டிலு போடுங்க. எனக்குத் தோணும்போது வந்து ரெண்டு நாள் இருப்பேன். மீதி நாள் என் வீட்ல. பஸ்ஸு இல்லாத ஊரா இது?"

"அப்ப அன்னிக்கு எங்கயும் வரலன்னு சொன்னீங்களே அத்த?" என்றார் மருமகள்.

"ஒரேயடியா வரமாட்டேன்னு சொன்னேன். வரவே மாட்டேன்னா சொன்னேன்?"

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கும் என்பதைப் பெரியவர்களிடமும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயா மரம்

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் திருவக்கரை போனார்கள். ஆயாவுக்கு வக்ரகாளியம்மன் கோயில். பேத்திக்குக் கல்மரம்.

கோயிலை முடித்துவிட்டுப் பூங்காவுக்குள் நுழைந்ததும் அவள் ஓடினாள். தரையில் படுத்துக் கிடந்த ஒரு பெரிய கட்டையின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தட்டினாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

ஆயாவும் குனிந்து தடவிப் பார்த்தார். "கல்லுதான். ஆனா ரேகை பாரு, விறகுக்கட்டை மாதிரியே ஓடுது" என்று ஆச்சரியப்பட்டார். கல்லான மரங்களில் புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு என்று அப்பா சொன்னதும், பேத்திக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"திண்டிவனத்துப் புளியங்காடு இங்க வந்து படுத்துக்குச்சாப்பா?"

"இல்லம்மா, இது ஊருக்குப் பேர் வைக்கறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. இந்த மரத்துக்கெல்லாம் வேரும் இல்ல, கிளையும் இல்ல பாத்தியா? அதனால இதெல்லாம் இங்க வளந்த மரம் இல்லன்னு சொல்றாங்க. வேற எங்கயோ வளந்து, பெரிய வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து இங்க சேந்துருக்கு."

"ஃபெஞ்சல் மாதிரியா?"

"அதைவிடப் பெருசா இருக்கும்."

அவள் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மரமும் வீடு மாறி வந்துச்சா?"

"ஆமா."

"அதோட ஆயா மரம்?"

அப்பா வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். ஆயாதான் கையை நீட்டிக் காட்டினார். நாலடி தள்ளி இன்னொரு கட்டை கிடந்தது, இதைவிடப் பருமனாக.

"அதோ பக்கத்துலயே படுத்துருக்குது பாரு. அதான் ஆயா மரம். பின்னாடியே வந்துடுச்சு."

பேத்தி எழுந்துபோய் அதையும் தட்டிப் பார்த்தாள். திருப்தி. "பசிக்குது" என்றாள்.

சூரியன் தனியாகவா?

தை வரப்போகிறது. புது வீட்டிலிருந்து பள்ளி ஐந்து நிமிட நடை. காரே தேவையில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். பெட்ரோல் மிச்சம், டோல் மிச்சம், பிள்ளைக்கு அரை மணி நேரம் கூடுதல் தூக்கம். அப்பாவுக்கு மட்டும் ஒரு கணக்கு இடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் எத்தனை கேள்வி கேட்க முடியும்? கொஞ்சம் சுற்றுவழியில் மெதுவாக நடந்து கூட்டிப்போவது என்று அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை. விக்கிரவாண்டி டோல்கேட். 'பீப்'. கட்டை தூக்கியது. வலப்பக்க ஜன்னலில் சூரியன் வழக்கம்போல் காசு கொடுக்காமல் தாண்டியது.

"அப்பா, ஒரு டவுட்டு. ஃபோன் தூங்குதா?"

"தூங்குதும்மா. சொல்லு."

"நாம திண்டிவனம் போயிட்டா, சூரியன் இங்க தனியாவா வரும்?"

அப்பா யோசித்தார். இந்தமுறை அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை. அதற்குள் அவளே முடிவெடுத்துவிட்டாள்.

"பரவால்ல. அது விளுப்புரத்துலயே ஆயா கூட இருக்கட்டும். சனிக்கிழம நாம வந்து பாத்துக்கலாம்."